படிக்காமல் போட்ட கையெழுத்து

சேகர்,

வீட்டில் நீ என் மகன், வழிபாட்டு மன்றத்தில் நீ செயலாளர். இந்தக் கடிதம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். உறையில் போட்டு ஒட்டவில்லை. ஒட்டினால் நீ மட்டும் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாய். கமிட்டியில் உன்னோடு இருக்கிற மற்ற எட்டுப் பேரும் படிக்கட்டும், வியாழக்கிழமை வழிபாட்டுக்கு வருகிற ஜனமும் படிக்கட்டும். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவன் எழுதியது என்று எல்லாருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலையில் நீ கடைக்கு வந்தாய். மன்றத்து வாசலை ஒட்டி, கிரிவலப் பாதையைப் பார்த்து இருக்கிற புத்தகக் கடையில் நான் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாய். "இன்னாடா இது, பொண்ணு வூட்டுப் பத்திரிகையா? உனக்குத்தான் ஏற்கனவே ஆயிடுச்சே" என்றேன். நீ சிரிக்கவில்லை. "படிச்சுப் பாரு, அப்பறம் பேசலாம்" என்றாய். படித்தேன். வரும் வியாழக்கிழமைக்குள் கடையின் கீழ்த்தட்டில் உள்ள பிற சமய நூல்களை அகற்ற வேண்டும்; தவறினால் முதுமையையும் பார்வைக் குறைவையும் முன்னிட்டுக் கடைப் பொறுப்பு வேறொருவரிடம் ஒப்படைக்கப்படும் என்று இருந்தது. அடியில் உன் கையெழுத்து. அதாவது புத்தகத்தை எடுத்துவிட்டால் எனக்குக் கண் தெரியும், எடுக்காவிட்டால் தெரியாது. இந்த ஊரில் எத்தனையோ வைத்தியரைப் பார்த்துவிட்டேன், இப்படி ஒரு கண் வைத்தியத்தைப் பார்த்ததில்லை.

"கீழ்த்தட்டுல இருபத்தேழு புத்தகம் இருக்குது. இதுல நீ எத்தினி படிச்சிருக்க?" என்று கேட்டேன்.

"அது முக்கியம் இல்லப்பா. தலைவர் கேக்கறாரு. பௌர்ணமிக்கு வர்ற ஜனம் கேக்குது, நம்ம எடத்துல அவங்க புத்தகம் எதுக்குன்னு. ஒரு தட்டு தானே, வுட்டுக் குடேன்."

"எத்தினி படிச்சன்னு கேட்டேன்."

"ஒண்ணும் படிக்கல. போதுமா?"

"போதும். உள்ளத சொன்னியே, அதுவே ஜாஸ்தி. இதே கேள்விய ஒருத்தி என்னையக் கேட்டப்போ நான் பொய் சொன்னேன்."

என்ன பொய், யாரிடம் என்று நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய். வண்டியை உதைத்துக்கொண்டு வேங்கிக்காலுக்குப் போய்விட்டாய். சின்ன வயதில் நைனா என்று கூப்பிட்டவன் நீ. அங்கே வீடு கட்டிக் குடிபோன பிறகுதான் நான் அப்பா ஆனேன். போகட்டும். நீ கேட்காமல் போனதை எழுதிவிடுகிறேன். இதுவரை உன் அம்மாவுக்கும் தெரியாதது ஒன்று இதில் இருக்கிறது.

நம் ஊர் தனி ஜில்லாவான வருஷம் உனக்கு நினைவிருக்கும். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டையை உடைத்துக் கடலை எடுக்கிற மில்லில் மூட்டை தூக்கி என் இடுப்பு போனது அப்போதுதான். மன்றத்தை ஆரம்பித்த ஹெட்மாஸ்டர் புத்தகக் கடை ஒன்று வைத்திருந்தார், உட்கார ஆள் தேடிக்கொண்டிருந்தார். எத்தனையோ படித்தவர்கள் கேட்டும் என்னை உட்காரவைத்தார். "படிச்சவன உக்கார வெச்சா படிச்சிக்கினே இருப்பான், வியாபாரம் படுத்துடும். நீதான்யா சரியான ஆளு" என்றார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஒன்றும் தெரியாததற்காக வேலை கொடுத்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். மன்றம் பரிந்துரைக்கிற ஒவ்வொரு புத்தகத்தின் முன்னாலும் ஒரு அட்டை நிற்கும். யாருக்கு ஏற்ற புத்தகம், படித்தால் என்ன கிடைக்கும் என்று அதில் இரண்டு வரி. அதை எழுதுவதும் கடைக்காரன் வேலைதான். என் எழுத்தைக் கோழிகூடப் படிக்காது. நீ அப்போது காலேஜில் முதல் வருஷம், முத்து முத்தாக எழுதுவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னை உட்காரவைத்து நான் சொல்லச் சொல்ல நீ எழுதினாய். மேலட்டையில் விளக்குப் படம் இருந்தால் மன அமைதிக்கு ஏற்றது. தடியாக இருந்தால் ஆழ்ந்த கருத்துகள் கொண்டது. தாடி வைத்த சாமியார் படம் இருந்தால் துன்பத்தில் இருப்பவர்களுக்கு மருந்து. ஒருநாள் நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நைனா, இதெல்லாம் நீ படிச்சியா?" என்று கேட்டாய். "பாதி படிச்சிட்டேன், நீ எழுதுடா" என்றேன். பாதி என்றால் மேலட்டையும் பின்னட்டையும்.

பச்சையம்மாளை உனக்குத் தெரியும். வியாழக்கிழமைகளில் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்காருகிற பால்வாடி டீச்சர். அவள் முதல்முதலாகக் கடைக்கு வந்த நாளில் யாரென்று எனக்குத் தெரியாது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள். "புள்ளய பறிகுடுத்தவங்க படிக்கிற மாதிரி ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பையன், மல்லாட்டைக் கொல்லையில் பாம்பு கடித்துப் போய்விட்டான். நான் யோசிக்கவே இல்லை. தாடிக்காரர் படம் போட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அட்டையையும் காட்டினேன். துன்பத்தில் இருப்பவர்களுக்கு மருந்து. உன் அழகான எழுத்தில். அவள் அதை விரலால் தொட்டுப் படித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்து வந்தாள். புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

"இத நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேம்மா."

"அப்ப முப்பத்தோராம் பக்கத்துல இன்னா போட்டிருக்குதுன்னு சொல்லுங்க."

நான் கூரையைப் பார்த்தேன். அவளே சொன்னாள். பிள்ளை அற்ப ஆயுசில் போவது போன பிறவியில் தாய் செய்த பாவத்தால் என்று போட்டிருக்கிறதாம். "எம்மேல தப்புன்னு ஊருல ஏற்கனவே நாலு பேரு சொல்லிக்கினு இருக்காங்க. காசு குடுத்து அஞ்சாவது ஆள நான் வாங்கிக்கினு போகணுமா? பத்து நாளா சோறு எறங்கல எனக்கு."

இனிமேல்தான் உன் அம்மாவுக்கும் தெரியாதது. அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "நான் எழுதலம்மா, எம் புள்ள எழுதினது, காலேஜ் படிக்கிறவன்" என்றேன். உன்மேல் தள்ளிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. "அவராவது படிச்சாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் என் பொய்யைக் கட்டினேன், சேகர். உனக்குத் தெரியாமலேயே கட்டினேன். அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் மன்னிப்புக் கேட்கிற ஒரே இடம் இதுதான், வேறு எங்கும் தேடாதே.

அன்றைக்கே ஹெட்மாஸ்டரிடம் போய் முக்கால்வாசியைச் சொன்னேன். உன் பேரை இழுத்ததை மட்டும் விட்டுவிட்டேன். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, "எல்லா அட்டையும் எடுத்துடு" என்றார். எடுத்தேன். அலமாரி முழுக்க மொட்டையாக நின்றது. அடுத்த வியாழக்கிழமை வழிபாடு முடிந்ததும் எழுந்து சொன்னார்: இனிமேல் ஒரு புத்தகத்துக்கு அட்டை வைக்கவேண்டுமானால் நம்மில் ஒருவர் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்திருக்க வேண்டும், படித்தவர் இங்கே எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். எடுப்பதற்கும் அதே வழிதான். படிக்காதவர் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. சபை கையைத் தூக்கியது. மன்றத்து நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். அந்த நோட்டு இப்போது செயலாளரிடம்தான் இருக்கிறது. அதாவது உன்னிடம். அதையும் நீ படித்திருக்க மாட்டாய்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். "நாப்பத்தி நாலு பக்கம்தான். மொதல்ல இத முடி" என்றார். கிறிஸ்தவ நர்ஸ் ஒருத்தி ஆஸ்பத்திரியில் தான் பார்த்ததை எழுதியது. எனக்கு வாய்க்குள் படிக்க வராது, உரக்கத்தான் வரும். மத்தியானத்தில் கடையில் உட்கார்ந்து விரலை வைத்து எழுத்துக் கூட்டிக் கத்துவேன். உன் அம்மா சோறு கொண்டுவந்தால், "இன்னாயா, வாத்தியாரு உன்னைய வாசல்ல முட்டி போட வெச்சாரா?" என்பாள். கிரிவலம் வந்த ஒருவர் அது ஏதோ மந்திரம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். நானும் விடவில்லை. பக்கத்தை முடித்துவிட்டுத் திருநீறு பூசி அனுப்பினேன். இரண்டு மாதம் ஆனது. அந்த நர்ஸ், பிள்ளையை இழந்த ஒருத்தியைப் பற்றி எழுதியிருந்தாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவள் தலைவாரிவிடச் சொன்னாள், வாரிவிட்டேன் என்று மட்டும் இருந்தது.

பஸ் ஏறிப் பச்சையம்மாள் ஊருக்குப் போனேன். பால்வாடி வாசலில் நின்றுகொண்டு புத்தகத்தை நீட்டினேன்.

"இத படிச்சீங்களா?"

"முழுசா படிச்சேம்மா. எந்தப் பக்கத்த வேணும்னாலும் கேளு."

"எத்தினி நாளாச்சு?"

"ரெண்டு மாசம்."

அவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "இதுக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள், சிரித்தது தப்பு என்பது மாதிரி. அப்போதுதான் அவளிடம் நான் சொன்னேன், அந்த அட்டையில் எழுத்துதான் என் மகனுடையது, பொய் என்னுடையது என்று. "தெரியும்" என்றாள். ஒரு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை அவளே வந்து சபையில் எழுந்து நின்று அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். கீழ்த்தட்டின் முதல் அட்டை அதுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் அப்படித்தான் வந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நம் புத்தகங்களுக்கு பைண்டிங் போடுகிற பாஷா பாய் கொடுத்த, அவர்கள் மார்க்கத்துப் பெரியவர்களின் கதைகள். நான் மூன்று மாதம் படித்துவிட்டு எழுந்து நின்றேன். நம் பக்கத்துச் சமணர்கள் எழுதிய புத்தகம் ஒன்றில் பொழுது சாய்ந்தால் சாப்பிடக்கூடாது என்று இருந்தது. படித்தபடி நடந்து பார்க்கவேண்டாமா என்று ஒரு வாரம் விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்தேன். எட்டாம் நாள் உன் அம்மா, "உன் புண்ணியத்துக்கு நான் நாலு மணிக்கே உல வெக்கணுமா?" என்று கரண்டியைத் தூக்கினாள். சாமியே இல்லை என்கிற புத்தகம்கூட அந்தத் தட்டில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று சொன்னவர் வேறு யாருமில்லை, வழிபாட்டில் மணி அடிக்கிறவர்தான். "இத படிச்சப்பறம் மணிய இன்னும் அழுத்தி அடிக்கறேன்" என்றார். சபையே சிரித்தது.

இன்னொன்றும் கேள். முப்பத்தோராம் பக்கம் இருக்கிற அந்தப் புத்தகமும் அலமாரிக்குத் திரும்பி வந்தது. ஒருவர் முழுசாகப் படித்துவிட்டு, நாற்பது நாள் விரதம் பற்றி அதில் இருப்பது எனக்கு உதவியது என்று எழுந்து சொன்னார். நானும் அதற்குள் அதை முழுசாகப் படித்திருந்தேன், எட்டு மாதம். எழுந்து அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அதனால் அதற்கு இரண்டு அட்டை. அவர் சொன்னது ஒன்று, நான் சொன்னது ஒன்று. மேல்தட்டில் நிற்கிறது. இந்தக் கடையிலிருந்து ஒரு தாயைப் பட்டினி போட்ட புத்தகம் என்றால் அது ஒன்றுதான். உன் நோட்டீஸ் அதைத் தொடவே இல்லை. அது நம்முடையதாம். அதையும் எடு என்று நான் கேட்கவில்லை, அதற்காகவும்தான் சண்டை போடுகிறேன். படித்தவர் ஒருவர் அதற்காக எழுந்து நின்றிருக்கிறார்.

தலைவரை நான் குறை சொல்ல வரவில்லை. கூடத்துக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தவர். அவர் பயம் நிஜமான பயம்தான். போன மாதம் கடைக்கு வந்து என்னிடமே கேட்டார், "பெரியவரே, இதெல்லாம் படிச்சா நம்ம பசங்க மாறிட மாட்டாங்களா?" என்று. "நான் பதினஞ்சு வருஷமா படிக்கறேன் தலைவரே. மாறித்தான் போனேன். முன்ன பொண்டாட்டி மேல கை வெப்பேன், இப்ப வெக்கறதில்ல" என்றேன். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். வேடிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். நடுவில் வந்து நின்றவன் நீதான். எந்தப் புத்தகம் மாற்றியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இடது கையால் பக்கத்தைப் பிடித்து வலது கை விரலை எழுத்தில் வைத்து உட்கார்ந்திருப்பவனுக்கு அடிக்கக் கை ஏது?

நீ கெட்டவன் இல்லை, சேகர். இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்க நினைக்கிறவன், அவ்வளவுதான். தலைவருக்கும் முகம் கோணக்கூடாது, அப்பனுக்கும் வலிக்கக்கூடாது. அதனால்தான் தட்டை எடுக்கச் சொல்லிவிட்டு என் கண்ணைக் காரணம் காட்டினாய். கண்ணில் புரை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஆபரேஷன் இருக்கிறது. படிக்காமல் போடுகிற கையெழுத்துக்கு ஆபரேஷன் இல்லை. நான் படிக்காமல் நல்லது என்று எழுதவைத்தேன். நீ படிக்காமல் கெட்டது என்று எழுதிவிட்டாய். இரண்டும் ஒரே வியாதி, நம் குடும்பத்து வியாதி. என்னை அதிலிருந்து இழுத்துவிட ஒரு தாய் பத்து நாள் பட்டினி கிடக்கவேண்டியிருந்தது. உனக்காக யாரும் அப்படிக் கிடக்க வேண்டாம் என்றுதான் இந்த அடம்.

உன் அம்மா நேற்று கேட்டாள், "பெத்த புள்ளகிட்ட மல்லுக்கு நிக்கறியே, தோத்துட்டா இன்னாயா பண்ணுவ?" என்று. "படிச்சிட்டு வந்து தோக்கடிக்கட்டும், மால போடறேன்" என்றேன். "அப்ப சாவிய குடுக்க மாட்ட?" என்றாள். "மாட்டேன்." கொஞ்ச நேரம் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த நர்சு புத்தகத்த எனக்கும் ஒருக்கா படிச்சுக் காட்டு, வெறுமன கத்தாத, புரியற மாதிரி படி" என்றாள். காலையிலிருந்து பன்னிரண்டு பக்கம் ஆகிவிட்டது. வியாழக்கிழமை அவளும் எழுந்து நிற்பாள் போலிருக்கிறது, ஜாக்கிரதை.

ஆகவே கமிட்டிக்கு என் பதில் இது. நீங்கள் ஒன்பது பேர், புத்தகம் இருபத்தேழு. ஆளுக்கு மூன்று வருகிறது. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, மாதத்துக்கு ஒன்று. ஐந்தாம் வகுப்புக்காரன் எழுத்துக் கூட்டி முடித்ததைப் பட்டதாரிகள் முடிக்க முடியாதா? கடையிலேயே உட்கார்ந்து படியுங்கள், டீ நான் வாங்கித் தருகிறேன். படித்துவிட்டு சபையில் எழுந்து நின்று, இந்தப் புத்தகம் இன்ன பக்கத்தில் இன்ன காரணத்தால் ஆகாது என்று சொல்லுங்கள். நீயே சொன்னாலும் கடைசிவரை கேட்கிறேன். சபை கை தூக்கினால் அந்தப் புத்தகத்தை நானே எடுத்துத் தருகிறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதுவரை கீழ்த்தட்டை யாரும் தொட முடியாது. பூட்டை உடைத்து எடுக்கலாம் என்றால், பகலில் வாருங்கள், நான் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பேன். உரக்கத்தான் படிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மருமகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. சோறு வேறு, சண்டை வேறு. இரண்டிலும் நான் குறை வைக்க மாட்டேன்.

நீ கொடுத்த நோட்டீஸைக் கிழித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதை முதல் எழுத்திலிருந்து உன் கையெழுத்துவரை முழுசாக, இரண்டு தடவை படித்தேன். கடை வாசலில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். முன்னால் அட்டையும் வைத்திருக்கிறேன், என் கோழிக்கிறுக்கலில் நானே எழுதியது: "முழுவதும் படித்தேன். பரிந்துரைக்கவில்லை."

உன் நைனா